நன்றி அறியும் நாள்

நுழையும்முன்

பிறர் செய்த உதவியை மறவாதிருத்தல் எல்லா நாட்டு மக்களும் போற்றும் பண்பாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அதற்கென ஒரு தேசிய விடுமுறை நாளே உண்டு. அந்நாள் எவ்வாறு தோன்றியது? அதில் நினைக்கப்பட்டவர் யாவர், மறக்கப்பட்டவர் யாவர்? ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு அவ்வரலாறு உணர்த்துவது என்ன? இவற்றை இப்பாடத்தின் வழியே அறிவோம்.

ஒரு மாணவியின் வினா

சென்ற ஆண்டு நவம்பர் மாதக் கடைசி வாரத்தில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் வந்தாள்.

“அம்மா, என் பெரியப்பா அமெரிக்காவில் இருக்கிறார். இன்று காலை காணொலியில் பேசினோம். அங்கே அப்போது வியாழக்கிழமை இரவு. எல்லாரும் விருந்துக்கு உட்கார்ந்திருந்தார்கள். சாப்பிடுவதற்கு முன்னால், இந்த ஆண்டு யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். அண்ணன் தன் பள்ளிப் பேருந்து ஓட்டுநரைச் சொன்னான். பெரியம்மா, போன வருடம் ஊரிலிருந்து வந்து மூன்று மாதம் தங்கியிருந்த பாட்டியைச் சொன்னார்கள். பிறகு என்னையும் சொல்லச் சொன்னார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ‘எல்லாருக்கும் நன்றி’ என்று சொல்லிவிட்டேன். அது சரியா, அம்மா?”

அருகிலிருந்த சிலர் சிரித்தனர். என்னால் சிரிக்க இயலவில்லை. அவ்வினாவுக்கு உடனே விடை கூறவும் இயலவில்லை. அவளுக்கு நான் பின்னர்க் கூறிய விடையே இப்பாடம்.

நவம்பர் மாத விருந்து

அமெரிக்காவில் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமை ‘நன்றி நவிலும் நாள்’ எனக் கொண்டாடப்படுகிறது. கனடா நாட்டிலும் இதே பெயரில் ஒரு விழா உண்டு. அது அக்டோபர் மாதத்தின் இரண்டாம் திங்கட்கிழமை வரும். இரண்டும் அறுவடைக் காலத்தை ஒட்டிய விழாக்கள்.

தொலைவில் வேலை செய்வோரும் படிப்போரும் அந்நாளில் பெற்றோர் இல்லம் நோக்கிப் பயணம் செய்வர். தீபாவளிக்கு முந்திய நாள் நம் தொடர்வண்டி நிலையங்கள் காட்சியளிப்பதைப் போலவே, அங்கே நெடுஞ்சாலைகளும் வானூர்தி நிலையங்களும் நிரம்பி வழியும். வான்கோழி இறைச்சியும், கிரான்பெரி என்னும் புளிப்புப் பழத்தில் செய்த கூழும், மசித்த உருளைக்கிழங்கும், பரங்கிக்காய் இனிப்பும் விருந்தில் இடம்பெறும். உண்ணத் தொடங்கும் முன்னர், அவ்வாண்டில் தமக்குக் கிட்டிய நன்மைகளை ஒவ்வொருவராக எடுத்துரைப்பது பல குடும்பங்களின் வழக்கம்.

கப்பலில் வந்தவர்கள்

1620ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், ‘மேபிளவர்’ என்னும் கப்பல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டது. அதில் 102 பயணிகள் இருந்தனர். தம் சமய வழக்கப்படி வாழ இடம் தேடியவர்களும், பிழைப்புத் தேடியவர்களும் அவர்களுள் அடங்குவர். இரண்டு மாதங்களுக்கும் மேலாகக் கடலில் அலைந்து, இன்றைய மாசசூசெட்ஸ் மாநிலக் கரையை அடைந்தனர். கரையில் அந்நிலத்து மக்கள் மண்ணில் புதைத்துச் சேமித்திருந்த மக்காச்சோளத்தைக் கண்டு, அதைத் தோண்டி எடுத்துக்கொண்டனர். மறு ஆண்டு அவர்கள் விதைத்தது அச்சோளத்தையே.

பின்னர்ப் பிளிமத் என்னும் இடத்தில் குடியேறினர். கடுங்குளிர், நோய், உணவுப் பற்றாக்குறை ஆகியவற்றால், இளவேனில் பிறப்பதற்குள் வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் மாண்டனர்.

அவர்கள் குடியேறிய இடம் ஆளற்ற காடு அன்று. அது வாம்பனோவாக் என்னும் பூர்வகுடி மக்களின் நாடு. பிளிமத் இருந்த இடத்திலேயே முன்பு ‘படக்செட்’ என்னும் அவர்களது சிற்றூர் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் பரவிய கொள்ளைநோய் அவ்வூரை வெறுமையாக்கியிருந்தது. 

அவ்வூரைச் சேர்ந்த ஒருவர் மட்டும் உயிரோடிருந்தார். அவர் பெயர் டிஸ்குவாண்டம். ஸ்குவாண்டோ என்றும் வழங்குவர். 1614ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கப்பல் தலைவன் ஒருவன் அவரை வஞ்சகமாகப் பிடித்து, ஸ்பெயின் நாட்டுக்கு அடிமையாக விற்கக் கொண்டு சென்றான். அங்கிருந்து எவ்வாறோ மீண்டு இங்கிலாந்தை அடைந்து, ஆங்கிலம் கற்று, 1619இல் அவர் ஊர் திரும்பினார். ஊர் இருந்தது, உறவினர் எவரும் இல்லை.

அந்த டிஸ்குவாண்டமே குடியேறிகளுக்கு வேளாண்மை கற்பித்தார். விதைக்குழியில் மீனை எருவாக இட்டு மக்காச்சோளம் விதைக்கும் முறையைக் காட்டினார். மீன் எங்கே கிடைக்கும், விலாங்கை எவ்வாறு பிடிப்பது என்றும் சொல்லித் தந்தார். வாம்பனோவாக் தலைவர் மசசோயிட்டுக்கும் குடியேறிகளுக்கும் 1621 மார்ச் மாதத்தில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. அதில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவரும் அவரே. தன்னைக் கவர்ந்து சென்றவர்களின் மொழியையே, பசித்திருந்த அயலாருக்கு உதவ அவர் பயன்படுத்தினார் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

மூன்று நாள் விருந்து

1621ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் மக்காச்சோளம் நன்கு விளைந்தது. எஞ்சியிருந்த ஏறத்தாழ 50 குடியேறிகள் அறுவடையைக் கொண்டாடினர். மசசோயிட்டும் அவருடைய ஆட்கள் 90 பேரும் அங்கு வந்தனர். அவர்கள் வேட்டையாடிக் கொணர்ந்த ஐந்து மான்கள் விருந்துக்குப் பயன்பட்டன. விருந்து மூன்று நாள் நடைபெற்றது. விருந்தளித்தவரைவிட வந்தவர் மிகுதி. வந்தவரும் வெறுங்கையோடு வரவில்லை.

குடியேறிகளுள் ஒருவர் அவ்வாண்டு டிசம்பரில் எழுதிய கடிதமே இவ்விருந்தைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள நேரடிச் சான்று. அதில் ‘நன்றி நவிலும் நாள்’ என்னும் பெயர் இல்லை, வான்கோழியும் குறிப்பிடப்படவில்லை, பறவைகளை வேட்டையாடினர் என்று மட்டுமே உள்ளது. பெயரும் விழாக்கோலமும் பிற்காலத்தவர் சேர்த்தவை.

விழாவை வேண்டிப் பெற்ற பெண்மணி

ஓர் ஆட்டுக்குட்டி மேரி என்னும் சிறுமியின் பின்னே பள்ளிக்குச் சென்ற கதையைக் கூறும் ஆங்கிலப் பாடலை நீங்கள் மழலையர் வகுப்பில் பாடியிருப்பீர்கள். அதை எழுதி 1830இல் வெளியிட்டவர் சாரா ஜோசபா ஹேல் என்னும் அமெரிக்கப் பெண்மணி. இளமையிலேயே கணவரை இழந்து, ஐந்து குழந்தைகளை எழுத்துப் பணியால் வளர்த்தவர்; புகழ்பெற்ற மகளிர் இதழ் ஒன்றின் ஆசிரியர்.

நாடு முழுவதும் ஒரே நாளில் நன்றி நாள் கொண்டாடப்பட வேண்டும் என்று அவர் விரும்பினார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதைப் பற்றி எழுதினார். மாநில ஆளுநர்களுக்கும் குடியரசுத் தலைவர்களுக்கும் மடல் மேல் மடல் விடுத்தார். 1863ஆம் ஆண்டு, தம் 74ஆம் வயதில், குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கனுக்கு எழுதினார். அப்போது அமெரிக்காவில் வடக்கு மாநிலங்களுக்கும் தெற்கு மாநிலங்களுக்கும் இடையே உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது.

லிங்கன் இணங்கினார். நவம்பர் மாதக் கடைசி வியாழக்கிழமையை நன்றி நாளாக அறிவித்தார். போரில் கணவரை இழந்தோரையும் பெற்றோரை இழந்த குழந்தைகளையும் மறவாதிருக்குமாறு அவ்வறிவிப்பில் மக்களைக் கேட்டுக்கொண்டார். நாட்டில் துன்பம் நீங்கிய பின்னர் நன்றி கூறலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. 1941ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் நான்காம் வியாழக்கிழமையை நிலைநாட்டியது.

மறக்கப்பட்டவர்கள்

இவ்வரலாற்றுக்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு. கப்பல்கள் மேலும் மேலும் வந்தன. குடியேறிகள் பெருகப் பெருக, பூர்வகுடி மக்களின் நிலம் சுருங்கியது. மூன்று நாள் விருந்து நடந்து 54 ஆண்டுகளுக்குப் பின், 1675இல், இரு தரப்பினருக்கும் இடையே பெரும்போர் மூண்டது. விருந்துண்ட மசசோயிட்டின் மகன் மெட்டகாம் 1676இல் அப்போரில் கொல்லப்பட்டார். பூர்வகுடி மக்களுள் பலர் அடிமைகளாக விற்கப்பட்டனர். விதையும் வேளாண்மையும் தந்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்நிலத்தில் கிடைத்த கைம்மாறு அதுவாக இருந்தது.

1970ஆம் ஆண்டு, மேபிளவர் கப்பல் வந்ததன் 350ஆம் ஆண்டு நிறைவு விழாவில் உரையாற்றுமாறு வம்சுட்டா பிராங்க் ஜேம்ஸ் என்னும் வாம்பனோவாக் பெரியவரை அழைத்தனர். தம் மக்கள் இழந்தவற்றை அவர் தம் உரையில் எழுதியிருந்தார். விழா நடத்துவோர் அவ்வுரையை ஏற்கவில்லை. வேறோர் உரையைப் படிக்குமாறு கூறினர். அவர் மறுத்துவிட்டார். அவ்வாண்டு நன்றி நாளன்று, பிளிமத் நகரில் மசசோயிட் சிலை நிற்கும் குன்றின்மேல் அவரும் பிறரும் கூடித் தம் துயரை எடுத்துரைத்தனர். அன்று முதல் ஒவ்வோர் ஆண்டும் அதே நாளில் அங்கே ‘தேசியத் துயர நாள்’ கடைப்பிடிக்கப்படுகிறது.

ஒரே நாள், ஒரு வீட்டில் விருந்து, ஒரு குன்றின்மேல் துயரம். விருந்துண்பவர் கூறும் நன்றி பொய்யன்று. ஆயினும், அந்நிலத்தில் முதன்முதலில் உதவியவர் யாவர், பின்னர் அவர்களுக்கு நேர்ந்தது என்ன என்று அறியாமல் கூறப்படும்போது அந்நன்றி நிறைவு பெறுவதில்லை. இதனை இன்று அமெரிக்க ஆசிரியர்கள் பலரும் தம் மாணவர்க்கு எடுத்துரைக்கின்றனர்.

பெயர் சொல்லி நன்றி கூறுதல்

நன்றி கூறும் வழக்கத்தைப் பூர்வகுடி மக்கள் குடியேறிகளிடம் கற்கவில்லை. வட அமெரிக்காவின் ஹோடனோஷோனி மக்களிடம் தொன்மையான வழக்கம் ஒன்றுண்டு. இவர்களை ஈரோக்குவா என்றும் அழைப்பர். கூட்டம் தொடங்கும் முன்னர் ஒருவர் எழுந்து நன்றியுரை ஆற்றுவார். மக்கள், நிலம், நீர், மீன், செடிகொடிகள், உணவுப் பயிர்கள், மூலிகைகள், விலங்குகள், மரங்கள், பறவைகள், காற்று, இடி, ஞாயிறு, திங்கள், விண்மீன்கள் என ஒவ்வொன்றாகப் பெயரிட்டு, அது நமக்குச் செய்யும் நன்மையைக் கூறி நன்றி தெரிவிப்பார். கூடியிருப்போர் ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஒருமனத்தோடு ஆமோதிப்பர். ‘எல்லாவற்றுக்கும் நன்றி’ என்று ஒரே தொடரில் முடித்துவிடுவதில்லை. நன்றி பெறுவோர் தனித்தனியே நினைக்கப்படுகின்றனர்.

நம் பொங்கல் விழாவும் அத்தகையதே. ஞாயிற்றுக்கு ஒரு நாள். உழவுக்குத் துணைநின்ற மாட்டுக்கு ஒரு நாள். உற்றார் உறவினரைக் கண்டு மகிழ ஒரு நாள். பொதுவாக நன்றி என்று கூறாமல், யாருக்கு என்று பிரித்துக் கூறும் விழா அது.

நம் அடுக்களையில் வாழும் அயலார்

பொங்கலன்று பல வீடுகளில் பரங்கிக்காய் சேர்த்துக் குழம்பு வைப்பர். ஐரோப்பியரைப் ‘பரங்கியர்’ என்று நம் முன்னோர் அழைத்தனர். அவர்கள் வழியாக வந்த காய் ஆதலின் அது பரங்கிக்காய் ஆயிற்று. ஆனால் அதை முதன்முதலில் பயிரிட்டவர் ஐரோப்பியர் அல்லர். அமெரிக்கக் கண்டங்களின் பூர்வகுடி உழவரே. அமெரிக்க விருந்தில் இனிப்பாகவும் நம் பொங்கலில் குழம்பாகவும் இடம்பெறுவது ஒரே காய்க் குடும்பந்தான்.

மிளகாயும் அவ்வாறே. போர்த்துக்கீசியர் இங்குக் கொண்டுவரும் வரை தமிழர் உணவுக்குக் காரம் தந்தது மிளகு. புதிய காய் மிளகைப் போலக் காரமாக இருந்ததால் ‘மிளகாய்’ எனப் பெயர் பெற்றது. தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, முந்திரி, கொய்யா, மக்காச்சோளம் யாவும் அந்த உழவர்களின் கொடையே. உங்கள் வீட்டில் இன்று வைத்த தக்காளி ரசத்தில், நாம் ஒருபோதும் கண்டிராத மனிதர்களின் பல நூற்றாண்டு உழைப்பு கரைந்திருக்கிறது. காயின் பெயரில் கொண்டுவந்தவர் நிலைத்துவிட்டார், விளைவித்தவர் மறைந்துவிட்டார்.

சொல்லும் அறிவும்

திருக்குறளின் பதினோராம் அதிகாரத்திற்குச் ‘செய்ந்நன்றி அறிதல்’ என்பது பெயர். பழந்தமிழில் ‘நன்றி’ என்னும் சொல் நன்மையைக் குறித்தது. செய்ந்நன்றி என்றால் பிறர் செய்த நன்மை. அதனைச் ‘சொல்லுதல்’ என்று வள்ளுவர் பெயரிடவில்லை. ‘அறிதல்’ என்றே பெயரிட்டார். இவ்வேறுபாட்டை நான் நூலில் கற்றபோது உணரவில்லை.

என் முதல் வெளிமாநிலப் பணியிடம் மத்தியப் பிரதேசத்தில் ஒரு சிறு நகரம். என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. கணவர் தமிழ்நாட்டில் பணியில் இருந்தார். எனக்கு இந்தியில் பத்துச் சொற்கள்கூடத் தெரியா. ஜனவரி மாதத்தில் ஒருநாள் நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் மிகுந்து உடல் நடுங்கத் தொடங்கியது. செய்வதறியாது பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். கதவைத் திறந்த அம்மையார் ஒன்றும் கேட்கவில்லை. தம் மகனை எழுப்பி ஆட்டோ அழைத்துவரச் செய்தார். தம் கம்பளியில் குழந்தையைச் சுற்றிக்கொண்டார். விடியும் வரை மருத்துவமனையில் என் அருகே அமர்ந்து, குழந்தையின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த மூன்று நாளும் பாசிப்பருப்புக் கிச்சடி அவர் வீட்டிலிருந்து வந்தது.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின் எனக்கு இடமாறுதல் வந்தது. இனிப்புப் பெட்டி ஒன்றைக் கொடுத்து, அதற்குள் கற்றிருந்த இந்தியில் நன்றி கூறி விடைபெற்றேன். கடமை முடிந்ததென்று எண்ணினேன்.

என் மகள் வளர்ந்த பிறகு, இக்கதையைக் கேட்டுவிட்டு, “அந்த அம்மாவின் பெயர் என்ன?” என்று வினவினாள். எனக்குத் தெரியவில்லை. அக்கா என்னும் பொருளில் ‘தீதி’ என்றே அவரை அழைத்து வந்தேன். அவர் பெயரையோ, பிறந்த ஊரையோ, அவருக்கு இருந்த கவலைகளையோ இரண்டு ஆண்டுகளில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அந்நகரில் பணியாற்றும் தோழி ஒருவரிடம் விசாரிக்கச் சொன்னேன். அக்குடும்பம் வீடு மாறிச் சென்றுவிட்டது என்று விடை வந்தது. நான் நன்றி சொன்னேன், நன்றி அறியவில்லை.

‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்பது நம் பழமொழி. உப்பிட்டவர் யார் என்று அறிந்தால்தானே நினைக்க இயலும்? அன்று முதல் ஒவ்வொரு புதிய ஊரிலும், உதவியவரின் பெயரையும் ஊரையும் முதலில் கேட்டறிகிறேன்.

மாணவர்களே! நாமும் கப்பலில் வந்தவர்களைப் போலத்தான், தொடர்வண்டியில் வந்தோம். நமக்கு வீடு தந்தவர், மொழி சொல்லித் தந்தவர், நம் கொச்சை இந்தியைப் பொறுத்துக்கொண்டவர் என இவ்வூரில் பலர் உள்ளனர். ஊரில் நமக்காகக் காத்திருக்கும் பாட்டியும் தாத்தாவும் உள்ளனர். ‘எல்லாருக்கும் நன்றி’ என்று கூறுவது தவறன்று, அது தொடக்கம். அதற்குப் பின் ஒரு பெயரையேனும் கூற வேண்டும்.

வினா எழுப்பிய மாணவி மறுவாரம் என்னிடம் வந்தாள். தன் குடியிருப்பில் நாள்தோறும் தனக்கு மிதிவண்டியை எடுத்துத் தரும் காவலரிடம் பெயர் கேட்டதாகக் கூறினாள். “மூன்று வருடமாக அவரை ‘பையா’ என்று மட்டுந்தான் கூப்பிட்டிருக்கிறேன், அம்மா. பெயரைக் கேட்டதும் அவர் என் பெயரைக் கேட்டார்” என்றாள்.

சொல்லும் பொருளும்

நவிலுதல் – கூறுதல்
பூர்வகுடி – ஒரு நிலத்தில் தொன்றுதொட்டு வாழும் மக்கள்
உடன்படிக்கை – ஒப்பந்தம்
கைம்மாறு – செய்த உதவிக்குத் திரும்பச் செய்வது
ஆமோதித்தல் – ஏற்று வழிமொழிதல்
அடுக்களை – சமையலறை

மதிப்பீடு

அ. பிரித்து எழுதுக.
1. செய்ந்நன்றி
2. கைம்மாறு
3. பெயரிட்டு

ஆ. குறுவினா
1. குடியேறிகளுக்கு டிஸ்குவாண்டம் கற்பித்தவை யாவை?
2. மிளகாய் அப்பெயர் பெற்றது எவ்வாறு?
3. 1863ஆம் ஆண்டு லிங்கன் அறிவித்தது என்ன?

இ. சிறுவினா
1. நன்றி நாளன்று பிளிமத் நகரக் குன்றில் சிலர் கூடித் துயரம் கடைப்பிடிப்பது ஏன்?
2. ‘நன்றி சொன்னேன்; நன்றி அறியவில்லை’ என்று ஆசிரியர் கூறுவதன் பொருளை விளக்குக.

ஈ. சிந்தனை வினா
தன் உறவினர் அனைவரையும் இழந்த டிஸ்குவாண்டம் அயலாருக்கு உதவியதை நீ எவ்வாறு கருதுகிறாய்? ஐந்து தொடர்களில் எழுதுக.

கற்பவை கற்றபின்
1. உனக்கு அன்றாடம் உதவும் ஒருவரின் பெயர், ஊர், தாய்மொழி ஆகியவற்றைக் கேட்டறிந்து வகுப்பில் கூறுக.
2. ஊரிலுள்ள தாத்தா அல்லது பாட்டிக்கு, அவர் செய்த ஒரு நன்மையைக் குறிப்பிட்டுத் தமிழில் மடல் எழுதி அஞ்சலில் அனுப்புக.